ரெபேக்கா அக்கா நிறுத்திக் காட்டிய மோட்டார்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கனடாவில் ஓர் ஊரின் வானிலையைக் கைபேசியில் பார்த்தது. எங்கள் இயந்திரங்கள் போய்ச் சேர்ந்திருக்கும் ஊர் அது. ஈரப்பனி பெய்யும் என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் ஹோஸ் பிரிவில் வேலை செய்யும் செல்வி கூப்பிட்டாள்.

“மேடம், ரெபேக்கா அக்கா போயிட்டாங்க.”

“எங்கே போயிட்டாங்க?” என்று கேட்டேன்.

“நெஞ்சு வலிக்குதுனு சொல்லிக்கினு இருந்தாங்களாம். ஆட்டோ வரதுக்குள்ள முடிஞ்சிபோச்சி மேடம்.”

அவருடைய முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க இதை எழுதுகிறேன். அங்கே வரும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். அவருடைய தென்னேரி உறவினர்களுக்கு மட்டும் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாலாஜாபாத் சாலையில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், பனியை அள்ளித் தூர வீசும் கருவி செய்கிறோம். ஸ்கிட் ஸ்டீர் என்ற சிறிய லோடர் வண்டியின் முன்னால் அதை மாட்டுவார்கள். வண்டியிலிருந்து ஹோஸ் என்ற ரப்பர் குழாய் வழியாக அழுத்தத்தோடு எண்ணெய் வரும். அந்த எண்ணெய் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் விசிறியைச் சுழற்றும். இதைச் செய்கிற எங்களில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ரெபேக்கா அக்கா ஹோஸ் முனைகளை அழுத்திப் பொருத்தும் வேலைக்கு வந்து, எட்டு வருடத்தில் ஹோஸ் பிரிவோடு சோதனை மேடைக்கும் பொறுப்பாளர் ஆனவர். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் நடவு நட்டவர்கள். அதை மறைக்கவும் மாட்டார், சொல்லி இரக்கம் தேடவும் மாட்டார்.

அந்தக் கருவிக்கு மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது நான். வண்டி தரும் எண்ணெயின் அளவு மாறாது. சிறிய மோட்டார் போட்டால் அது வேகமாகச் சுழலும், ஆனால் முறுக்குவிசை குறையும். பெரிய மோட்டார் மெதுவாகச் சுழலும், சுமை வந்தால் தாங்கும். பனி தூரமாக விழ வேண்டும் என்று நான் வேகத்தின் பக்கம் போனேன். சோதிக்கப் பனி வேண்டுமே. பக்கத்து அரிசி ஆலையிலிருந்து இரண்டு டிராக்டர் உமி இறக்கினோம். சிறிய மோட்டாரில் உமி மதில் சுவரைத் தாண்டிப் போய்க் காயவைத்திருந்த யாரோ ஒருவருடைய துணிமேல் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ரெபேக்கா அக்கா தட்டவில்லை. “ஏம்மா, ஊதுனாலே பறக்கிறத வெச்சி மோட்டாரு வாங்குவியா?” என்றார்.

“கணக்குப் போட்டுத்தான்கா எடுத்திருக்கேன்.”

“கணக்கு சரியாத்தான் இருக்கும். உமிக்குப் போட்ட கணக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பொறியியல் படித்தவள் நான்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை அவர் என் முகத்தில் படித்திருப்பார். அந்த மோட்டாரோடுதான் கருவிகள் கப்பல் ஏறின.

முதல் ஈரப்பனியிலேயே திணறின. வாடிக்கையாளர் அனுப்பிய காணொளியில் விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கஞ்சி மாதிரிக் குழைந்த பனிக்குள் நின்றுபோனது. அலுவலகத்தில் கூடிப் பேசினோம். மேலாளர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்: முனைகளை அதிகம் அழுத்தியதால் ஹோஸ் உள்ளே நசுங்கி, எண்ணெய் போதாமல் போயிருக்கிறது. அறிக்கையில் ‘மோட்டாரில் குறையில்லை, ஹோஸ் பொருத்தியதில் தவறு’ என்று இருந்தது. கீழே நான் கையெழுத்திட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. தவறு என்னுடையதாக இருக்கக் கூடாது என்று விரும்பினேன், அவ்வளவுதான்.

திரும்பி வந்த பன்னிரண்டு ஹோஸ்களை ரெபேக்கா அக்கா ஒவ்வொன்றாக நீளவாக்கில் அறுத்தார். பந்திக்கு வாழையிலை பரப்புவதுபோல என் மேசைமேல் அடுக்கினார். பன்னிரண்டும் உள்ளே வழவழவென்று, ஒரு மடிப்பு இல்லாமல் இருந்தன.

“கண்ண வெச்சிப் பாருமா. எங்க நசுங்கியிருக்குது, காட்டு.”

நான் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

“எம்மேல எழுதிட்ட, போவட்டும். அங்க ஒருத்தன் பனியில நின்னுக்கினு இருக்கான். அவனுக்கு இன்னா பதில்?”

அடுத்த வாரம், சித்திரை வெயிலில், மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போகும் தொழிற்சாலையிலிருந்து ஒரு மினி லாரி நிறைய ஐஸ் பாளங்கள் வந்தன. அவரேதான் போய்ப் பேசி வரவழைத்திருந்தார். “கல்யாணமா அக்கா?” என்று காவலாளி கேட்டார். “ஆமா, மோட்டாருக்கு” என்றார். ஹோஸ் பிரிவுப் பெண்கள் கட்டையால் உடைத்தார்கள். உடைக்க உடைக்க உருகியது. உருகினால் நல்லதுதான், ஈரப்பனி அப்படித்தான் இருக்கும் என்று அவர் அவசரப்படுத்தினார். சிறிய மோட்டார் அந்தக் குவியலில் நுழைந்ததும் நின்றது. எண்ணெய்க்குப் போக வழியின்றி, மிகும் அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தியது. பெரிய மோட்டாரை மாட்டினோம். அது அலட்டிக்கொள்ளாமல் சுற்றியது. ஐஸ் பாதி தூரம்தான் போனது. ஆனால் போனது, நிற்காமல் போனது. இந்த முறை கைதட்டியவர் ரெபேக்கா அக்கா.

மோட்டார் மாறியது. அறிக்கை மாறவில்லை. “அதையும் மாத்திடறேன்கா” என்று ஒருமுறை சொன்னேன். “சொல்லாத. செய்” என்றார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. நான் செய்யவுமில்லை. அவருடைய பணிப்பதிவில் அந்தத் தவறு இன்றைக்கும் இருக்கிறது.

அடக்கத்துக்கு ஒரு பிரதிநிதி போனால் போதும் என்று அலுவலகம் சொன்னது. ஹோஸ் பிரிவுப் பெண்கள் சோதனை மேடையை அணைத்துவிட்டு, சீருடையோடு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் அலுவலகத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு வண்டியை எடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் எண்ணெய்க் கறையோடு நின்ற அத்தனை பேரையும் பார்த்துவிட்டு அவருடைய மகள் சொன்னது இதுதான்: “அம்மா வேலையில தப்பு பண்ணுனாங்கனு ஒரு பேச்சி இருந்திச்சே, அதான் யாரும் வரமாட்டாங்களோனு நெனச்சேன்.” என்னிடம்தான் சொன்னார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். வரும் குளிர்காலத்துக்குப் புதிய ஆர்டர் வந்திருக்கிறது.

“தூரமா வீசற வீடியோவப் பாத்துதான்மா வாங்கறாங்க. பழைய சின்ன மோட்டாரையே போட்டுடலாம்.”

“அது நின்னுடும் சார்.”

“உங்க ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க. மோட்டார் மேல தப்பு இல்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

அவர் சொன்னது சரி. ஒருவர்மேல் பழியைப் போட்டால் அது அவரோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அதே பொய் இப்போது அதே மோட்டாரை மறுபடி உள்ளே கொண்டுவருகிறது. அதைத் தடுத்து நிறுத்த ஐஸ் லாரியோடு வர ஆளும் இல்லை.

ரெபேக்கா அக்கா சாந்தமானவர், எல்லோரையும் மன்னித்தவர் என்று இங்கே யாராவது பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. எதிரில் நிற்பவர் படித்தவர், பதவியில் இருப்பவர் என்பதற்காக அவர் ஒரு சோதனையைக் கைவிட்டதும் இல்லை. அந்தப் பிடிவாதத்தைத்தான் நான் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். இரக்கத்தோடு நினைவுகூர வேறு பலர் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை, சிறிய மோட்டார் போட்ட புதிய வரைபடம் கையெழுத்துக்கு வரும். நான் போட மாட்டேன். அறிக்கையைத் திருத்தி எழுதி முடித்துவிட்டேன்: மோட்டாரைத் தேர்ந்தது நான், உமியில் சோதித்து ஏமாந்தது நான், ஹோஸ்களில் குறையில்லை, குறையில்லை என்று அறுத்துக் காட்டியவர் ரெபேக்கா. ஜெபம் முடிந்ததும், மேலாளருக்கு அனுப்பும் அதே நேரத்தில் அதை வாடிக்கையாளருக்கும் அனுப்பப் போகிறேன். வேலை போகலாம். என் கணவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. ஜெபத்தில் இதை வாசிக்கும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கப்போகும் ரெபேக்கா அக்காவின் மகள்தான் முதலில் கேட்க வேண்டும்.