பாலத்தில் நிற்காத வண்டி

எங்கள் தெருவில் பாதி எலக்ட்ரிக் பைக்குகள் ஓடுவது ஆம்பியர் அக்காவின் புண்ணியத்தில்தான். அவரோ ஒரு வருஷமாகத் தன் பேட்டரிக் கடைக்கு நடந்து வருகிறார். அவருடைய வண்டி பேட்டரி இல்லாமல் மூலையில் தூசி படிந்து நிற்கிறது.

அந்தப் பட்டப்பெயர் வைத்தது பக்கத்துத் தையல் கடைக்காரனான நான்தான். வருகிறவர்கள் எல்லாரும் வோல்ட் கணக்கை மட்டும் ஒப்பிப்பார்கள். மோட்டாரும் நாற்பத்தெட்டு, பேட்டரியும் நாற்பத்தெட்டு, அப்புறம் என்ன என்பார்கள். உயரம் மட்டும் பார்த்துப் பெண் கொடுக்கிற கதை. மேடு ஏறும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் கரண்ட் இழுக்கும், பேட்டரி அதைத் தாங்குமா என்று அக்கா கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள். நானும் விழித்தவன்தான்.

அக்காவின் தம்பியும் அந்தத் தப்பைத்தான் செய்தான். அவன் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, கால்களிலும் வலு போய்விட்டது. வாரம் இரண்டு முறை பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்கிப் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொள்வான். பழைய மோட்டார் இரண்டு பேரை இழுக்கவில்லை என்று பெரிய மோட்டார் போட்டான், பேட்டரியை மாற்றவில்லை. பாதி மேட்டில், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு இதற்கு மேல் தாங்காது என்று கரண்டை நிறுத்திவிடும். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, அவளை வைத்துக்கொண்டே வண்டியைத் தள்ளுவான்.

அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடு என்று அக்காவிடம் வந்து நின்றான். அது ஆபத்து, முடியவே முடியாது என்றார் அக்கா. பெரிய பேட்டரியே கட்டித் தருகிறேன், உள்ளே வைக்கிற செல்கள் வர ஒரு வாரம் பொறு என்றார். நாளைக்கு அவளை முதுகில் சுமக்கவா என்று கேட்டுவிட்டுப் போனவன், வேறு ஒருவரிடம் காரியத்தை முடித்துக்கொண்டான். வண்டி சிட்டாகப் பாலம் ஏறியது. அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

சில நாளில் தம்பி மனைவி போன் செய்தாள். பேட்டரிப் பெட்டி தொட முடியாமல் சுடுகிறது, ஒரு மாதிரி நாற்றம் வேறு என்றாள். சார்ஜ் எங்கே போடுகிறான் என்று அக்கா கேட்டார். வீடே ஒற்றை அறைதானே, பிளக் இருப்பது என் கட்டில் பக்கத்தில் என்றாள்.

தன் வண்டி பேட்டரியே அந்த மோட்டாருக்குத் தாங்கும் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அன்றைக்கே தோன்றாத தன் புத்தியைத் திட்டிக்கொண்டே அதைக் கழற்றினார். நானும் ஒரு கை கொடுத்தேன். அங்கே போய்ப் பார்த்தால், பழைய பெட்டி அடியில் உப்பியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, வெளியே மணல் குவியல் மேல் கொண்டுபோய் வைத்தோம்.

நல்ல பேட்டரியை மாட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்துவிட்டான்.

"என் வண்டில கை வைக்க நீ யாரு?" என்றான்.

அக்கா ஸ்குரூவை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "தீப்பிடிச்சா நீ வெளிய ஓடிருவ. அவளால எந்திரிக்க முடியுமா?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகும் அக்காவோடு பேசவில்லை. பேட்டரியை மட்டும் வைத்துக்கொண்டான். அன்று தொடங்கியதுதான் அக்காவின் நடை. ஊருக்கெல்லாம் பேட்டரி கட்டுகிறவருக்குத் தனக்கு ஒன்று கட்ட நேரமே வரவில்லை.

போன மாதம் தம்பி மனைவி போய்விட்டாள். தீயால் அல்ல, நோயால்தான். எல்லாம் முடிந்த பிறகு தம்பி பேட்டரியைத் தோளில் சுமந்து வந்து கடை மேஜையில் வைத்தான்.

"பாலத்துல ஒரு தடவகூட நிக்கலக்கா," என்றான்.

அக்கா வழக்கம்போல, உப்பியிருக்கிறதா என்று பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அந்தப் பெட்டியை இருவருமே இன்னும் தொடவில்லை. இன்று காலையிலும் அக்கா நடந்துதான் வந்தார். கூடவே தம்பியும் நடந்து வந்தான்.