மச்சாளின் பிள்ளைகளுக்குச் சதை பிடித்த கதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்தேன். சண்டைக் காலத்தில் கணவரின் தங்கையான மச்சாளின் குடும்பமும் எங்களோடு அன்புவழிபுரத்தில் இருந்தது. நிவாரண அரிசியை ஒரே பானையில்தான் காய்ச்சினோம். அப்படியிருந்தும் மச்சாளின் பிள்ளைகள் தேகம் திரண்டு வளர்ந்தார்கள். என்னுடையவை ஈர்க்கில் மாதிரி. ஒளித்து ஊட்டுகிறாள் என்று வயிறு எரிந்து, அகப்பையை வாங்கி நானே பரிமாறினேன். அடுத்த மாதம் மருத்துவிச்சி பிள்ளைகளைத் தராசில் நிறுத்தபோதும் அவளுடைய பிள்ளைகள்தான் பாரம்.

மருத்துவிச்சி சிரித்தார். "எலும்பும் சதையும் தாய் தகப்பனிட்டயிருந்து சேர்ந்து வாறது. துறைமுகத்தில மூட்டை தூக்கிற அவவின்ர மனுசனைப் பாருங்கோ, உங்கட மணிக்கட்டையும் பாருங்கோ."

"விளங்கிச்சோ மச்சாள்? இனி அகப்பையைத் தாங்கோ," என்றாள் கணவரின் தங்கை.

"ஏலாது," என்றேன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டு பிள்ளை. அவளுடைய பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்திருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடு.