அரக்கனுக்கு விட்ட வழி

ஓசூரில் எங்கள் அறையில் தங்கி கம்பெனி வேலைக்குப் போன, காட்டோரத் தளி ஊர்க்காரரோடு செல்போனில் கேம் ஆடியவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த மீசை. கடைசிச் சுற்றில் மூன்று தலை அரக்க மிருகம் கோட்டைக்குள் நுழைந்ததும், போனைப் பார்த்து "ஓ... ஹோ..." என்று தெருவே கேட்கக் கத்துவார். அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் நால்வரும் அதை வளைத்து நிற்போம். வாசலை மறிக்க வேண்டிய இவர் ஒதுங்கி வழிவிடுவார். அது வெளியே ஓடி, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்து எங்களை மிதித்துப் போடும். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்.

பக்கத்து அறைக்காரர்கள் சிரித்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணா வாசல விட்டுட்டு நிக்கிறீங்க? மறிச்சு அடிங்கண்ணா!"

"எங்கூர்ல ராகிக் கொல்லையில ஆனை எறங்குனா, அது போற வழிய மறிக்க மாட்டோம் தம்பி. மறிச்சா நம்ம மேல திரும்பும். சத்தம் போட்டா அதுவே காட்டுக்குப் போயிரும்."

"இது கேம்ண்ணா! இதுக்குக் காடெல்லாம் கிடையாது. வாசலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, அதான் திரும்பி வருது!"

அவர் போனைக் கீழே வைத்தார்.

"போக எடமே இல்லாததையா அஞ்சு பேரு சேந்து அடிக்கிறோம்?"

அதன்பிறகு அவர் ஆட வரவில்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு இப்போது வாராவாரம் ஜெயிக்கிறோம். ஆனால் சாகும்போது மூன்று தலையும் அந்த வாசல் பக்கம்தான் திரும்புகின்றன. முன்பெல்லாம் இது என் கண்ணில் பட்டதே இல்லை. மனுஷன் ஆட வராமலே ஆட்டத்தைக் கெடுக்கிறார்.