ஜிம்மிக்கு நான் போட்ட பவுடர்

போன திங்கட்கிழமை ஒரு நாயைக் குளிப்பாட்டினேன். அதனால் ஒரு குழந்தையின் பால்வாடியே பறிபோக இருந்தது... நம்புவீர்களா?

ஆம்பூரில் நான் ஆயா வேலை பார்க்கும் பால்வாடியில் ஸ்டெல்லா என்று ஒரு குழந்தை. நான்கு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அம்மா காலையிலேயே ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். முன்பெல்லாம் பிள்ளையைக் கட்டில் காலில் சேலையால் கட்டிவிட்டுத்தான் போவாள். வேறு வழி?

இங்கே சேர்த்த புதிதில் ஒரே கத்தல். யார் தொட்டாலும் உதறுவாள். ஒருநாள் தெருநாய் ஜிம்மி உள்ளே நுழைந்து அவள் பக்கத்தில் படுத்தது. கத்தல் நின்றது! அன்றிலிருந்து அதன் முதுகில் கை வைத்துக்கொண்டுதான் தண்ணீர்ப் பானைக்குப் போவாள், சோற்றுக்கு வருவாள். ஜிம்மியும் அவள் நடைக்கு ஏற்றபடிதான் நடக்கும். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

திங்கட்கிழமை ஆபீசர் அம்மா வருவதாகத் தகவல். பார்வை இல்லாத பிள்ளை இங்கே சரிப்படுமா என்று பார்க்கத்தான் வருகிறார். டீச்சருக்கு உதறல். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான் — ஆனால் சுத்தத்தில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. விடுவேனா? ஜிம்மிக்கு வாசனை சோப்பு... அதற்கு மேல் பவுடர்!

ஸ்டெல்லா வந்தாள். தொட்டாள். முகர்ந்தாள். தள்ளிவிட்டாள்.

"இது ஜிம்மி இல்ல!"

"ஜிம்மிதான்டி கண்ணு. ஆயா குளிப்பாட்டி வுட்டேன்."

"பொய் சொல்ற! ஜிம்மி மேல எங்கப்பா வாசன வரும்."

ஒரே அழுகை. அந்த நேரம் பார்த்தா ஆபீசர் அம்மா வர வேண்டும்?

"என்ன டீச்சர், இப்படி அழுவுது? பேசாம வீட்டுக்கே அனுப்பிடுங்க."

எனக்கு அந்தக் கட்டில் கால்தான் கண் முன்னால் வந்தது.

ஜிம்மிக்கும் பவுடர் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வெளியே ஓடியது. பின்னால் தோல் ஷாப்புக் கழிவு ஓடும் கால்வாய்... அதில் வழக்கம்போல் ஆசை தீரப் புரண்டுவிட்டு ஜம்மென்று திரும்பி வந்தது.

"அய்யய்யோ, இன்னா நாத்தம்! தொரத்துங்க ஆயாம்மா!" என்று டீச்சர் அலறினார்.

துடைப்பத்தை ஓங்கினேன். அதற்குள் ஸ்டெல்லாவின் அழுகை நின்றிருந்தது. மூக்கைத் தூக்கிச் சிரித்தாள். ஓங்கிய துடைப்பத்தை மூலையில் போட்டுவிட்டேன்.

"ஜிம்மி!"

கட்டிக்கொண்டாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பிள்ளை மேலும் இடிக்காமல் நடந்து, நேரே ஆபீசர் அம்மாவின் சேலையைத் தொட்டாள்.

"நீங்க யாரு? புதுசா?"

நமக்கு அது நாற்றம். அவளுக்கோ, சாயங்காலம் வீடு திரும்புகிற அப்பா. இத்தனை வருஷம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் எனக்கு இது தெரியவில்லையே!

ஆபீசர் அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே சொன்னார்: "கொழந்தை இருக்கட்டும் டீச்சர். நாயும் இருக்கட்டும்... நான் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லா ஜன்னலையும் தொறந்து வைங்க."