நான் ஒட்டிய பெங்களூர்

பெங்களூரின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் ஒட்டியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வேலைக்கு ஒரு கிண்ணம் சோற்றுப் பசையும் ஒரு பென்சிலும் நிறைய பயமும் போதுமானதாக இருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவின் அலமாரியில் நகர வரைபடம் ஒன்று இருந்தது. விரிப்பது சுலபம். கடைக்காரர் மடித்துக் கொடுத்தபடியே திரும்ப மடிக்க எங்கள் வீட்டில் ஒருவராலும் முடிந்ததில்லை. ஒருநாள் நான் மடித்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று இறங்கியதில், அது மடிப்புகளோடு கிழிந்து எட்டுச் சதுரங்களாகக் கையில் வந்தது. அப்பா ஆபீசிலிருந்து வருவதற்குள், நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளில் அவசரமாக ஒட்டிவிட்டேன். சில இடங்களில் ஒரு சதுரத்துச் சாலை பக்கத்துச் சதுரத்துச் சாலையோடு சேரவில்லை. அதற்கென்ன, பென்சிலால் நானே இணைப்புச் சாலைகள் போட்டேன். அவ்வளவு வேகமாக இந்த ஊரில் யாரும் சாலை போட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சித்தியின் கல்யாணம். ஜீவனஹள்ளியில் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் சேலத்திலிருந்து வேனில் வருகிறார்கள். தாத்தா இல்லாததால், சித்தியின் அண்ணனான மாமாதான் அப்பா ஸ்தானம். ஓசூர் ரோட்டில் சந்தாபுராவரை போய் எதிர்கொண்டு அழைத்து வருவது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை; நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மண்டபத்துக்குள் கால் வைத்தாக வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கடிதமே போட்டிருந்தார். மூத்த பிள்ளைக்குப் பேசிய ஒரு சம்பந்தத்தை இப்படியொரு சகுனப் பிழையால் வேண்டாமென்று விட்டவர் அவர். அம்மாவும் சித்தியும் அதைக் கிசுகிசுத்தபோது நான் கட்டிலுக்கடியில் கோலி தேடிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு ஊர் திருச்சி, வேலை சர்வே ஆபீசில். பெங்களூர் தெரியாது. அதனாலென்ன, அப்பாவின் அலமாரியில் வரைபடம் இருக்கிறதே! அதை எடுத்துக்கொண்டார். கூடவே துணைக்கு என்னையும்.

சந்தாபுராவில் மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏறிக்கொண்டோம். முன்சீட்டு. மாமாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் நான். டிரைவர் சேலத்துக்காரர்.

"யாரையாச்சும் வழி கேட்டுக்கலாங்களா சார்?"

"எதுக்குப்பா? மனுஷன் தப்பா சொல்வான், மேப் தப்பா சொல்லாது. அதோட, பொண்ணு வீட்டுக்காரனுக்கே வழி தெரியலன்னு பேராயிடும்."

ஓசூர் ரோட்டின் பெரிய சந்திப்பு வந்தது. மாமாவின் விரல் ஒரு சாலையில் கம்பீரமாக ஊர்ந்தது. "இங்க லெஃப்ட்." அது நான் போட்ட சாலை.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கால்மணி நேரம் கழித்து சாலையோரக் கடைப் பலகைகளைப் படித்தபோதுதான் உறைத்தது. எல்லாவற்றிலும் ஜெயநகர் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அந்த வேனில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான். மாமாவின் மடியை எட்டிப் பார்த்தேன். ஜெயநகர் இருக்க வேண்டிய இடத்தில் ஜீவனஹள்ளி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சொன்னால் மாமாவிடம் உதை, அப்பாவிடம் தனியாக உதை. சொல்லாவிட்டால் சித்திக்குக் கல்யாணமே இல்லை.

பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கொடுத்தார். "மணி மூணே முக்கால். இந்தத் தண்ணி டேங்க்கை நான் பாக்கறது இது மூணாவது வாட்டி."

"வந்துட்டோம் சம்பந்தியம்மா, அடுத்த திருப்பம்தான்" என்றார் மாமா. அவர் கழுத்திலிருந்து வியர்வை வரைபடத்தில் சொட்டியது.

"மாமா, ஒண்ணுக்கு வருது."

"அடக்கிக்கோடா."

"வந்துடுச்சு மாமா!"

வேன் நின்றது. "நீங்க இருங்க மச்சான், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று மாப்பிள்ளை இறங்கினார். நான் அவர் கையை உதறிக்கொண்டு நேரே ஒரு பஞ்சர் கடைக்கு ஓடி, எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டி ஜீவனஹள்ளிக்கு வழி கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஜீவனஹள்ளியா? ஐயோ மரி, அது ஆ கடே!" குட்டிப்பையா, அது அந்தப் பக்கம் என்று ஊரின் மறுகோடியைக் கைகாட்டினார்.

திரும்பினால் பின்னால் மாப்பிள்ளை.

"ஒண்ணுக்கு வருதுன்னே?"

அழுகையோடு அழுகையாகப் பசை, பென்சில், பிரவுன் தாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சித்தி கல்யாணம் நின்னுடுமா?"

"நிக்காது. முதல்ல மூக்கைத் துடை." கடைக்காரரிடம் பேசினார். பெங்களூரில் பஞ்சர் கடைக்காரருக்குத் தமிழ் வராமல் இருக்குமா? வழியைக் கேட்டுக்கொண்டு வேனுக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மச்சான், முன்னாடி ஏதோ ஊர்வலமாம், ரோட்டை அடைச்சிருக்காங்களாம். நீங்க பாத்த வழியில இன்னைக்குப் போக முடியாதாம். சுத்துவழி ஒண்ணு கேட்டுட்டு வந்திருக்கேன்."

மாமா கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, வரைபடத்தில் ஒரு சாலையை மெல்லத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஊர்வலம்னா நாம என்ன பண்ண முடியும்? மாப்பிள்ளை சொல்ற மாதிரியே விடுப்பா."

நாலு இருபத்திரண்டுக்கு மண்டபத்துக்குள் கால் வைத்தோம். ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றபடி மாப்பிள்ளையின் அம்மா, "ஊரையே சுத்திக் காட்டிட்டுத்தான் பொண்ணு குடுக்கறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அதோடு முடியவில்லை. வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று எந்த விசேஷத்திலும் அந்த அம்மாள், "மேப் வெச்சிக்கிட்டே தொலைஞ்ச சம்பந்தி வந்தாச்சா?" என்றுதான் மாமாவை வரவேற்பார். மாமா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை.

இப்போது என் காரில் கைப்பேசிதான் வழி சொல்கிறது. தப்பாகத் திரும்பினால் அதிலுள்ள பெண் கோபித்துக்கொள்வதில்லை, வேறு வழி சொல்கிறாள். தங்கமான குணம். நாற்பது வயதுக்கு மேலும் ஒவ்வொரு சந்திப்பிலும் பதறுகிற எனக்கு அவள் தெய்வம். ஆனால் என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் சிரித்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. அன்று அந்த வேனில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்ன இன்னொருவரும் இருந்தார். இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் வீடே அசந்து தூங்கியது. மாமா மட்டும் என்னைக் கூப்பிட்டு ஈரத்துணி, பிளேடு, ரப்பர், கொஞ்சம் சோறு கேட்டார். எல்லாவற்றையும் நானே ஓடி ஓடிக் கொண்டுவந்து கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டார். சவரம் செய்துகொள்கிறார், நடுவில் பசித்தால் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஊருக்குப் போன பிறகு பயந்து பயந்து அந்த வரைபடத்தை எடுத்து விரித்தேன். ஜெயநகர் ஜெயநகரில் இருந்தது. ஜீவனஹள்ளி ஜீவனஹள்ளியில் இருந்தது. பென்சில் சாலை ஒன்றுகூட இல்லை. ஆக, நான் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறேன், வீணாக அழுதிருக்கிறேன், வழி தெரியாமல் சுற்றியது மாமாதான். இவ்வளவு பெரிய ஆள், சர்வே ஆபீஸ் வேறு, ஒரு மேப் பார்க்கத் தெரியவில்லையே, பாவம் என்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு விளையாடப் போனேன்.