கெண்டி மூடியின் விளிம்பு

துடைத்தோமா, இல்லையா? காலையிலிருந்து பில்லிங் அக்காவின் மண்டையைக் குடைந்தது இந்த ஒரே கேள்விதான்.

ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையை உதறிவிட்டு, முழுநேரமும் களிமண்ணோடு மல்லுக்கட்டத் தொடங்கிய பிறகும் தெருவில் அந்தப் பழைய பேர் போகவில்லை. பேர் கிடக்கட்டும். புதிதாகத் திறக்கும் டீக்கடைக்கு இன்று சாயங்காலம் எட்டு கெண்டிகள் கொடுத்தாக வேண்டும். முதல் பெரிய ஆர்டர். இது சொதப்பினால் மறுபடி பில் போடத்தான் போக வேண்டும். "உங்க சீட் நாளைக்கு வரைக்கும்தாம்மா காலியா இருக்கும்" என்று பழைய மேனேஜர் வேறு நேற்று போனில் சொல்லி வைத்திருந்தார்.

கெண்டியையும் மூடியையும் சேர்த்துத்தான் சுடுவாள். தனித்தனியாகச் சுட்டால் அந்தச் சூட்டில் வாய் ஒரு பக்கம் கோணும், மூடி ஒரு பக்கம் கோணும். அப்புறம் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. சேர்த்துச் சுடுவதிலும் ஒரு வம்பு உண்டு. மூடி உட்காரும் விளிம்பில் பளபளப்புக்கான பூச்சு இருந்துவிட்டால் அது உருகிக் கண்ணாடியாகி, இரண்டும் ஒரே கல்லாகிவிடும். அதனால் பூச்சில் முக்கிய பிறகு ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்தே ஆக வேண்டும்.

நேற்று துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்தா அந்த மேனேஜர் போன் பண்ண வேண்டும்! அதன்பிறகு மூடி போட்டு, அடுக்கி, சூளையை மூட்டியது ஞாபகமிருக்கிறது. மிச்சத்தைத் துடைத்தது? சத்தியமாக ஞாபகமில்லை.

"பாதி வழி போயிட்டு, கேஸ மூடினோமான்னு திரும்பி வருவியே, அதே கததான்," என்றார் வீட்டுக்காரர். "துடைச்சிருப்ப."

"இருப்ப கிருப்பன்னு சொல்லாதீங்க. பத்திக்கிட்டு வருது."

"அப்ப தொறந்து பாத்துடு."

"சூட்டோட தொறந்தா காத்து பட்டு படீர்னு விரிஞ்சிடும். கம்முனு இருங்க."

அவர் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். அவளால்தான் முடியவில்லை. சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், சோறு இறங்கவில்லை.

ஒருவழியாக ஆறியது. திறந்து, முதல் கெண்டியின் மூடியைப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"தட்டிப் பாரேன், எப்பவும் தட்டுவியே," என்று மரக்கரண்டியை நீட்டினார் அவர். துடைத்த விளிம்புகூட லேசாகப் பிடித்துக்கொள்ளும், தட்டினால் விட்டுவிடும். பயத்தில் அதுவும் மறந்திருந்தது. ஓரத்தில் மெல்லத் தட்டினாள். டிக். திருப்பித் தட்டினாள். மூடி கையோடு வந்தது.

எட்டும் வந்தன. எப்போதும் ஒன்று கூடுதலாகச் செய்வாள்; அந்த ஒன்பதாவது மட்டும் என்ன தட்டியும் வரவில்லை. அதன் வயிற்றில் பூச்சு உதிர்ந்து அவள் கட்டைவிரல் தடம் வெறுமையாகத் தெரிந்தது. போன் அடித்தபோது துடைக்காமல் அவசரமாகக் கீழே வைத்தது இதைத்தான்.

மறுபடி போன். மேனேஜரேதான்.

"என்னம்மா, வரீங்களா?"

அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது.

"பயமாத்தான் இருக்கு சார். ஆனா அந்த சீட்ல வேற யாரையாவது உக்கார வைங்க," என்றாள். "இன்னொண்ணு சார். இனிமே வேலை நேரத்துல போன் பண்ணாதீங்க. ஒரு கெண்டி போச்சு."