தகா பின்னம்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரகடம் சாலையில் ஏறியபோது மணி மூன்று இருக்கும். கம்பெனி ஷூவைக் கேட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பையில் இருந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். கண்டெய்னர் லாரிகள் உரசுவதுபோல் போய்க்கொண்டிருந்தன. வேலை போய் நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒரு ஜோக்கால் போனது அதுதான் முதல் தடவை.

அலுமினிய வார்ப்புத் துண்டுகளைச் சோதிப்பது அங்கே என் வேலை. காரில் எந்த இடத்துக்குப் போகிற துண்டு என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால், சிவப்பு ஸ்டிக்கரில் குறை என்னவென்று எழுதி, டோக்கன் எண்ணைப் போட்டு ஒட்டி, சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும். அவரவர் ஸ்டிக்கரை அவரவர்தான் எழுத வேண்டும் என்பது விதி. நான் ஏழாவதோடு நின்றவன். எழுதுவேன், ஆனால் நேரமாகும். அடுத்த மேசைப் பெண் வேகமாக எழுதுவாள். அதனால் என் ஸ்டிக்கர்களை அவள் எழுதினாள், அவளுடைய தட்டுகளை நான் தூக்கினேன். லைனில் பாதிப் பேர் இப்படி ஏதாவது ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்.

அவள் பென்னலூர்க்காரி. கணிதத்தில் பட்டம் வாங்கியவள். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கொடுத்தால் சர்ச் இருக்கிறது என்று மறுத்துவிடுவாள். மற்ற நாட்களில் கணக்கு ஜோக் சொல்வாள், காலையில் பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கிற அதே முகத்தோடு.

“பதினேழோட வூட்டுல ஏன்ணா பாகப்பிரிவினையே வர்ல?”

தெரியாது என்றேன்.

“அது பகா எண்.”

பகா எண் என்றால் என்ன என்று அப்புறம்தான் கேட்டேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது என்றாள். அரைமணி நேரம் கழித்துச் சாப்பாட்டு வரிசையில் தனியாகச் சிரித்தேன். பின்னால் நின்றவன் அவளைப் பார்த்து, “டீச்சர், டியூப்லைட் எரிஞ்சிடுச்சு” என்றான்.

ஒரு நாள் குறுக்கே பிளந்த துண்டு ஒன்று என்னிடம் வந்தது. அதற்கு அவள் விரிசல் என்று எழுதவில்லை. ‘குறை: தகா பின்னம்’ என்று எழுதி என் எண்ணைப் போட்டாள். கணக்கிலும் பின்னம் உண்டு, உடைந்ததும் பின்னம்தான், தகா பின்னம் என்னவென்று நீங்களே யோசியுங்கள், சாயங்காலம் ஸ்டிக்கரை மாற்றிவிடலாம் என்றாள்.

யோசிக்க எனக்கு அது கண் முன்னால் இருக்க வேண்டும். ஸ்டிக்கரை உரித்துக் கைக்கெட்டிய பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன். அது நல்ல துண்டுகள் அடுக்கிய பெட்டி. சாப்பிட்டுத் திரும்பியபோது அது லாரியில் ஏறிப் போயிருந்தது. இரண்டாம் நாள், வாங்குகிற கம்பெனியிலிருந்து அந்த ஸ்டிக்கரின் படம் வந்தது. நல்ல பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தால் மொத்த லோடையும் நிறுத்தி மறுபடி சோதிப்பார்கள்.

குவாலிட்டி சார் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் ஒரு நிரந்தர வேலைக்கு அவள் பெயர் போயிருந்தது. இரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தவளுக்கு நாற்காலி கிடைக்கவிருந்த வாரம் அது. அடுத்தவன் ஸ்டிக்கரை எழுதியது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

தவறு நடந்தால் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு ஒரு படிவத்தை நிரப்புவது அங்கே வழக்கம். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். ஏன் போனது? ஒட்டியிருந்தேன். ஏன் ஒட்டினாய்? படிக்க. ஏன் படிக்க? புரியவில்லை.

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

“எழுதுனது யாரு?”

“நான்தான் சார். என் நம்பர்தான் போட்டுகீது.”

“அப்ப சொல்லு, தகா பின்னம்னா என்ன?”

“ஒடைஞ்சது சார். ரொம்ப ஒடைஞ்சது. ஒண்ணைவிட ரொம்பக் கொறைஞ்சது.”

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “இல்லணா, ஒண்ணைவிடப் பெருசு. மேல கீற நம்பர் கீழ கீறதைவிடப் பெருசா இருக்கும்.”

தப்பான கணக்கை அவளால் பொறுக்க முடியவில்லை. சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மேசைமேல் அவள் கைப்பட எழுதிய விண்ணப்பம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஸ்டிக்கரின் படத்தைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டு, கடைசி ‘ஏன்’ எதிரில் ‘போதிய பயிற்சி இல்லை’ என்று எழுதி, என் எண்ணைப் போட்டார்.

“நீ கேட்டுக்குப் போ. நீ லைனுக்குப் போம்மா, திங்கக்கிழமை இந்த ரூமுக்கு வந்துடு.”

வெளியே வந்ததும், உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

“ஒட்னது நானு. நீ போய் நில்லு” என்றேன்.

அவள் நகரவில்லை. லைனில் மணி அடித்த பிறகுதான் போனாள்.

ஒரகடம் தாண்டி நடக்கும்போது தகா பின்னத்தை யோசித்துக்கொண்டே போனேன். ஒரு பன்னை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் கால். அப்படிக் கால் கால் துண்டாக ஏழு கையில் இருந்தால் நாலில் ஏழு. எல்லாம் உடைந்த துண்டுதான், ஆனால் ஒரு முழு பன்னைவிட அதிகம். புரிந்தது. சிரிப்பு வரவில்லை.

இருட்டுவதற்குள் படப்பை வந்து பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். காலையில் மணிமங்கலம் பக்கம் ஹாலோ பிளாக் கல் போடுகிற இடத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். எழுதுகிற வேலை ஏதாவது உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“ஜல்லி அள்ளறதுக்கு எழுத்து எதுக்குப்பா?”

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். கூட அள்ளியவர் ஒடிசாக்காரர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. ஜோக் சொல்ல வழியில்லை. மதியம் வரை அள்ளினோம்.